சுவருக்குப் பின்னால் ஒரு கதவு

அத்தியாயம் பதினேழு

நான்காவது லெவலின் சுவர்களைத் தம்பி இடித்துவிட்டான் என்று அக்காவுக்குத் தெரிந்து முழுதாக ஒரு நாள்கூட ஆகவில்லை.

கணினிக்குள் இருந்த சுவர்கள்தான். ஆனால் ஒவ்வொன்றையும் அவள் இரண்டு வருடமாக இடம் பார்த்து நிறுத்தியிருந்தாள்.

அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்தும் அந்த ஆறு பேர் அலுவலகத்தின் முதல் பெரிய வீடியோ கேம் அது. எரிந்துகொண்டிருக்கும் ஏழு மாடி விடுதிக்குள் ஒரு தீயணைப்பு வீரர் நுழைகிறார். நான்காவது மாடியில் சிக்கிய குழந்தையை வெளியே கொண்டுவர வேண்டும். அக்கா அமைத்திருந்தது ஒரே வழி. ஒரு கதவைத் தாண்டினால் அது பின்னால் அடைத்துக்கொள்ளும். எட்டாவது நிமிடத்தில் கூரை இடியும். விளையாடுகிறவரால் முன்னே போகத்தான் முடியும்.

தம்பி அதைப் பிரதி எடுத்து, மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்து, மொத்தக் கட்டடத்தையும் திறந்துவிட்டிருந்தான். எந்தப் படியிலும் ஏறலாம், எந்த அறைக்குள்ளும் நுழையலாம், பக்கத்துக் கட்டடத்து மொட்டை மாடிக்குக்கூடத் தாவலாம்.

காலை பத்து மணிக்கு வெளியீட்டு நிறுவனத்திலிருந்து தேர்வாளர் வருகிறார்; தன் வடிவத்தைப் பற்றியும் தம்பி அவருக்கு எழுதிவிட்டான். இந்த விளையாட்டைப் பார்த்தேயிராத மூன்று பேர் அவர் முன்னால் உட்கார்ந்து இரண்டு வடிவங்களையும் விளையாடப்போகிறார்கள். ஒன்றுதான் வெளிவரும்.

மணி ஒன்பதரை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள் அக்கா.

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"ஆமா."

"அதான் கேக்கல."

தம்பி சோதனை அறை மேசையில் கம்பிகளைச் செருகிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீ கட்டினது ரயில் அக்கா. ஜன்னலோரமா உக்கார வெச்சு, இதப் பாரு அதப் பாருன்னு கூட்டிட்டுப் போறே. நடுவுல இறங்க விடமாட்டே."

"இறங்கினா பயம் போயிடும்டா. புகை எப்ப வரணும், சத்தம் எப்ப அடங்கணும், எல்லாம் நொடி பாத்துக் கோத்து வெச்சிருக்கேன். உன் ஆட்டத்துல ஆள் மொட்டை மாடில நின்னு காத்து வாங்குவான். உள்ளே குழந்தை கத்திக்கிட்டிருக்கும்."

"வாங்கட்டும். குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா அது அவன் முடிவு. உன்னோடதுல யாருக்கும் எதுக்கும் பொறுப்பே கிடையாது. நீ காட்டின வழில போனான், அவ்வளவுதான். வேற வழி இல்லாதவன் மேல என்ன தப்பு இருக்க முடியும்?"

வாயைத் திறந்த அக்கா அப்படியே மூடிக்கொண்டாள். எப்போதும் பதிலுக்குப் பதில் கொடுப்பவள் இப்படி அடங்கியதைத் தம்பி தன் வெற்றி என்று எடுத்துக்கொண்டான்.

சுவரில் இருந்த ஸ்பீக்கர் கரகரத்தது.

"மைக் முன்னாடி நின்னுதான் ரெண்டு பேரும் சண்டை போடறீங்க," என்றது ஒரு பெண் குரல். "தெளிவா கேக்குது. பின்னணி இசை ஏதாவது சேக்கவா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலி அறையில், தம்பியின் மனைவி ஹெட்போனோடு உட்கார்ந்து சிரித்தாள். அலுவலகத்திலும் வீட்டிலும் அவளுக்குப் பெயர் காது. பக்கத்து அறையில் ஊசி விழுந்தால் தையல் ஊசியா குண்டூசியா என்று சொல்லிவிடுவாள். விளையாட்டில் எரியும் தீயின் ஒவ்வொரு சத்தமும் அவள் பதிவு செய்தது. இன்று விளையாடுகிறவர்கள் வாய்விட்டுச் சொல்வதையெல்லாம் மேசை மைக் வழியாகக் கேட்டுப் பதிவு செய்வதும் அவள் வேலைதான்.

பத்து அடிக்கத் தேர்வாளர் வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். கட்டையாக வெட்டிய நரைமுடி. சிரிப்பை எண்ணித்தான் செலவழிப்பார் போலிருந்தது. ஒரு நோட்டைத் திறந்து முட்டியில் வைத்துக்கொண்டு, "ஆரம்பிக்கலாம். நீங்க யாரும் பேசக்கூடாது," என்றார்.

முதலில் ஒரு கூரியர் இளைஞன். அக்காவின் வடிவத்தில் கூரை இடிந்தபோது நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். நெற்றி வியர்த்துவிட்டது. தம்பியின் வடிவத்தில் பதினோரு நிமிடம் பக்கத்து மாடிக்குத் தாவிப் பழகினான். குழந்தை இருப்பதே அவனுக்கு மறந்துபோயிற்று. அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி கூரையைப் பார்த்தான்.

இரண்டாவது, கீழ்த்தளத்துத் தையல்காரப் பெண். அக்காவினுடையதை முடித்துவிட்டு, "நல்லா பயமா இருந்துச்சு. ஆனா நான் எதுவும் பண்ணலியே, அதுவே போயிடுச்சு," என்றார். தம்பியினுடையதில் மூன்று முறை வழி தவறி, நாலாவது முறை சலவை அறை வழியாகக் குழந்தையிடம் போய்ச் சேர்ந்தார். குழந்தையோடு வெளியே வந்ததும் கன்ட்ரோலரை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆளுக்கு ஒன்று. தேர்வாளர் எழுதிக்கொண்டே, "மூணாவது ஆள்?" என்றார்.

"வந்துட்டாரு," என்றான் தம்பி.

லிப்டிலிருந்து அப்பா இறங்கினார்.

இந்தக் குடும்பத்தோடு முதலிலிருந்து வருகிறவர்களுக்கு அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்கு: முப்பத்தோரு வருடம் தீயணைப்புத் துறையில் இருந்தவர். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு விடுதித் தீயில் அவரோடு உள்ளே போன நண்பர் திரும்பி வரவில்லை. ஏணியில் முதலில் ஏறுகிறவர் என்பதால் அந்த நண்பரை எல்லாரும் ஏணிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏணிக்காரருக்கு அப்போது எட்டு வயதில் ஒரு மகள். அந்த மகளின் பள்ளிக்கூடம், கல்லூரி என்று எல்லாவற்றுக்கும் அப்பாதான் முன்னால் நின்றார். அவள்தான் இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கும் மருமகள்.

அக்கா தம்பியின் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்தாள்.

"அப்பாவை ஏன்டா கூப்பிட்டே?"

"நிஜத் தீக்குள்ள போனவரு. ஒரே வழி இருக்குமா, பத்து வழி இருக்குமான்னு அவரே சொல்லட்டும். அவரு சொன்னா கேப்பேல்ல?"

"வேண்டாம். அவரை அனுப்பிடு."

"பயமா இருக்கா?"

பயமாகத்தான் இருந்தது. ஆனால் தம்பி நினைத்த பயம் அல்ல.

போன வருடம் அப்பாவுக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை நடந்தபோது, காப்பீட்டுக் காகிதம் தேடி அவருடைய பீரோவைத் திறந்தவள் அக்கா. காகிதத்துக்குப் பதில் ஒரு பழைய கோப்பு கையில் வந்தது. அந்த விடுதித் தீயைப் பற்றிய விசாரணைக் கோப்பின் நகல். அதில் நான்காவது மாடியின் வரைபடம் இருந்தது. அப்பாவின் வாக்குமூலம் இருந்தது: பின்பக்கக் கதவு பூட்டியிருந்தது, முன்படி ஒன்றே வழி, புகையில் இருவரும் பிரிந்துவிட்டோம். கடைசிப் பக்கத்தில் கட்டடத்துக் கதவுகளின் பட்டியல் ஒன்று. அதில் அந்தப் பின்பக்கக் கதவுக்கு எதிரே யாரோ எழுதியிருந்தார்கள்: இருபுறமும் தள்ளினால் திறக்கும் கதவு. பூட்டு கிடையாது.

அக்கா அந்த வரியை நாலு தடவை படித்தாள். கோப்பை இருந்த இடத்திலேயே வைத்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த வாரமே நான்காவது லெவலை அந்த வரைபடத்தின்படி திருப்பிக் கட்டினாள். பின்பக்கக் கதவு இருக்க வேண்டிய இடத்தில் சுவர் எழுப்பினாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அப்பா சொன்னது உண்மையாக இருக்கும் இடம் உலகத்தில் ஒன்றாவது இருக்கட்டும் என்று தோன்றியிருக்கலாம்.

"டேய்," என்றாள் அக்கா. "நாலாவது மாடி, பின்பக்கச் சுவரு. அதை என்ன பண்ணினே?"

"சலவை அறைக்குப் பக்கத்துலதானே? உன் வரைபடத்துல அங்க ஒரு கதவு இருந்துச்சு. நீ மறந்துட்டேன்னு நெனச்சேன். வெச்சுட்டேன்." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "என்னக்கா?"

அதற்குள் உள்ளே தேர்வாளர் அப்பாவுக்கு நாற்காலி போட்டுவிட்டார்.

"இவரு எங்கப்பா," என்றாள் அக்கா உள்ளே ஓடி. "வீட்டு ஆளு. இவரு சொல்றது செல்லாது. வேற யாரையாவது பிடிச்சுட்டு வர்றேன்."

"கேமைப் பாத்திருக்காரா?"

"இல்ல."

"தீயைப் பாத்திருக்காரா?"

அக்கா கதவோரம் ஒதுங்கினாள்.

"அப்ப இவர்தான் எனக்கு வேணும்," என்றார் தேர்வாளர்.

அப்பா கன்ட்ரோலரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். தம்பி திருப்பிக் கொடுத்தான். முதல் இரண்டு நிமிடம் தீயணைப்பு வீரர் தலையால் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தார்.

"இவன் ஏன்டா இப்படி முட்டிக்கறான்?"

"நீங்கதான்ப்பா முட்டறீங்க. இடது கட்டைவிரல்."

"எங்க வேலைல இப்படி ஒருத்தன் இருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்போம்."

ஸ்பீக்கரில் காது சிரிப்பது கேட்டது. தேர்வாளர்கூட லேசாகச் சிரித்தார். அக்கா மட்டும் கதவோரம் நின்று சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

முதலில் ஒரே வழி. ஒன்றாம் மாடி, இரண்டாம் மாடி என்று விரல் பழகியது. நான்காவது மாடிக் கதவு திறந்தபோது அப்பாவின் விரல் நின்றது.

நீண்ட நடைபாதை. இடப்பக்கம் ஐந்து அறை, வலப்பக்கம் நான்கு. மூலையில் தண்ணீர்த் தொட்டி. கடைசியில் சலவை அறை.

அவர் நடைபாதையைப் பார்த்தார். பிறகு திரும்பி மகளைப் பார்த்தார். ஒரு கணம்தான். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் விளையாட்டை முடித்தார். கூரை இடிந்ததற்கு அசையவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்படி வழியாக இறங்கினார்.

"எப்படி இருந்துச்சு?" என்றார் தேர்வாளர்.

"நல்லா இருக்கு." திரையைப் பார்த்துக்கொண்டே, "ஒரு வழிதான்னு தெரிஞ்சா மனசுக்கு நிம்மதி," என்றார்.

தேர்வாளர் அதை எழுதிக்கொண்டார். தம்பியின் முகம் வாடிவிட்டது.

"போதும்," என்றாள் அக்கா. "அப்பாவுக்குக் கண்ணு வலிக்கும். அவரோட கருத்துதான் கிடைச்சுடுச்சே."

"ரெண்டையும் பாத்தாத்தானே கருத்து," என்றான் தம்பி. ஏற்கெனவே மாற்றிவிட்டான். "அப்பா, இதுல எங்க வேணும்னாலும் போலாம். நான் எதையும் அடைச்சு வெக்கல. நேரா நாலாவது மாடிலேயே விடறேன், பாருங்க."

திரையில் அதே நடைபாதை. அதே தொட்டி. அதே புகை. இடப்பக்க அறையிலிருந்து குழந்தையின் குரல்.

"அங்கதான்ப்பா குழந்தை," என்று மெதுவாகச் சொன்னான் தம்பி. தேர்வாளர் அவனை முறைத்தார்.

அப்பா அந்த அறைக்குப் போகவில்லை. கட்டைவிரலை மெல்லச் சாய்த்து நேராக நடந்தார். முட்டவில்லை, தடுமாறவில்லை. ஐந்து அறைகளையும் தாண்டினார். சலவை அறைக்குப் பக்கத்தில் இடப்பக்கம் திரும்பினார். புகையில் திரை முழுக்கக் கறுப்பாக இருந்தது. அங்கே கதவு இருப்பது அதை வைத்த தம்பியின் கண்ணுக்குக்கூடத் தெரியவில்லை. அப்பா தள்ளினார். திறந்தது. அந்தப் பக்கம் இரும்புப் படிக்கட்டும் பகல் வெளிச்சமும்.

"எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க?" தம்பிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "அது அவ்வளவு சுலபமா யாருக்கும் கிடைக்காதே."

அப்பா படிக்கட்டில் கால் வைக்கவில்லை. தீயணைப்பு வீரரைத் திருப்பி நிறுத்தினார். இப்போது திரையில் தெரிந்தது, அவர் கடந்து வந்த புகை மட்டும்.

அப்படியே நிறுத்தி வைத்திருந்தார். ஒரு நிமிடம் போயிற்று. குழந்தையின் குரல் நின்றுவிட்டது.

"இந்தக் கதவு பூட்டியிருந்துச்சுன்னு எழுதிக் குடுத்தேன்," என்றார்.

"எந்தக் கதவுப்பா?" என்றான் தம்பி.

அக்கா மேசையை நோக்கி ஓடினாள். மைக்கின் கம்பியைப் பிடித்து இழுத்தாள். அது மேசைக்கு அடியில் எங்கோ சுற்றிக்கொண்டு வர மறுத்தது.

"பூட்டே கிடையாது அதுக்கு. நான் அது வழியாத்தான் வெளியே வந்தேன். என் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு வான்னு ஏணிக்காரன்கிட்ட சொன்னேன். வர்றான்னுதான் நெனச்சேன். தெருவுக்கு இறங்கினப்புறம்தான் திரும்பிப் பாத்தேன்." அவர் மகனைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. "கதவு வரைக்கும் வந்தப்பவே ஒரு தடவை திரும்பியிருக்கலாம். இப்பப் பாரு, எவ்வளவு சுலபமா திரும்ப முடியுது."

கம்பி அறுந்துகொண்டு வந்தது.

தாமதமாகிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலி காலியாக இருந்தது.

காது கதவைத் திறந்துகொண்டு வந்தாள். ஹெட்போன் இன்னும் கழுத்தில் கிடந்தது. அதன் கம்பி தரையில் இழுபட்டது.

"எங்கப்பா முன்படில இறந்தாருன்னு சொன்னீங்க மாமா."

அவர் எழுந்து நின்றார்.

"வேற வழியே இல்லைன்னு சொன்னீங்க. எங்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க. வழி இருந்திருந்தா உங்கப்பா எப்படியும் வந்திருப்பான், அவ்வளவு கெட்டிக்காரன்னு."

"சொன்னேன்மா."

"எங்க இறந்தாரு?"

அவர் திரையைப் பார்த்தார். கையைத் தூக்கிக் காட்டவில்லை. தேவைப்படவில்லை. சலவை அறை வாசல்தான்; அங்கிருந்து கதவுக்கு இருபதடிகூட இருக்காது.

தம்பிக்கு இப்போதுதான் எல்லாம் சேர்ந்து புரிந்தது. அவன் மேசை விளிம்பில் உட்கார்ந்தான். அந்தக் கதவை வைத்தது அவன் கை.

காது அவன் பக்கம் திரும்பவில்லை. அக்காவின் பக்கம் திரும்பினாள். அக்காவின் கையில் மைக் கம்பி இன்னும் இருந்தது.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள். "அதனாலதான் பிடுங்கினீங்க."

"தெரியும்."

"எப்போலேர்ந்து அண்ணி?"

"ஒரு வருஷமா."

"ஒரு வருஷமா என்கிட்ட அந்த மாடிக்குச் சத்தம் கேட்டு வாங்கினீங்க. புகைக்குள்ள ஒருத்தர் இருமற சத்தம் வேணும்னீங்க. நான் நாப்பது தடவை இருமிப் பதிவு பண்ணினேன்."

தான் கட்டிய சுவர் அப்பாவைக் காப்பாற்றத்தான் என்று அக்கா நினைத்திருந்தாள். இந்தப் பெண்ணையும் அதே சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வைத்திருந்தது இந்த நிமிடம் வரை அவளுக்கு உறைக்கவில்லை.

தேர்வாளர் நோட்டை மூடினார். மூடிய சத்தத்தில்தான் அவர் அங்கே இருப்பது மற்றவர்களுக்கு நினைவு வந்தது.

"நான் வெளில இருக்கேன்," என்று எழுந்தவர், அக்காவிடம் தணிந்த குரலில், "சாயந்திரம் கூப்பிடறேன். எதை அனுப்பறதுன்னு அப்ப சொல்லுங்க. இனி அது நான் முடிவு பண்ற விஷயம் இல்லைன்னு படுது," என்றார்.

அவர் போனதும் தம்பி வாயைத் திறந்தான். "அந்தக் கதவை எடுத்துடறேன். அஞ்சே நிமிஷம். சுவரா மாத்திடறேன்."

"தொடாதே," என்றாள் அக்கா.

"அக்கா..."

"என்னோடதை அழிச்சுடு. உன்னோடது போகட்டும்."

இதற்காகத்தான் அவன் மூன்று வாரம் யாருக்கும் தெரியாமல் உழைத்திருந்தான். கிடைத்ததை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான்.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். "ஏன் அப்படி எழுதிக் குடுத்தேன்னு சொல்றேன்மா. எல்லாத்தையும் சொல்றேன். உக்காரு."

"இங்க வேண்டாம்," என்றாள் காது. "என்கிட்ட மட்டும் சொல்ல வேண்டாம். எங்கம்மா முன்னாடி சொல்லுங்க."

அவர் முகத்தில் அதுவரை இல்லாத ஒன்று வந்தது. "உங்கம்மாகிட்டயா?"

"பத்தொன்பது வருஷமா அவங்களும்தானே ஒரே வழின்னு நம்பிட்டிருக்காங்க. வாங்க மாமா."

நான்கு பேரும் ஒரே காரில் போனார்கள். தம்பி ஓட்டினான். காது முன்னால் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் அப்பாவும் அக்காவும். இரண்டு சிக்னலில் நின்றார்கள். மூன்றாவது சிக்னலில் அப்பா, "அந்தத் தொட்டி வலது மூலைல இருந்துச்சு. நீ இடதுல வெச்சுட்டே," என்றார். அக்கா, "மாத்திடறேன்ப்பா," என்றாள்.

காதின் அம்மா ஒரு திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுகிறவர். மதிய நேரம். கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. நீண்ட மேசையில் பச்சைத் துணியை விரித்து, பல்லில் சாக்குக்கட்டியைக் கடித்துக்கொண்டு அளந்துகொண்டிருந்தார்.

கதவு மணி கேட்டு நிமிர்ந்தவர் மகளைப் பார்த்துச் சிரிக்கப் போனார். பின்னாலேயே மருமகன், அவன் அக்கா. கடைசியாக, உள்ளே வராமல் மிதியடியிலேயே நின்றுவிட்ட சம்பந்தி.

சிரிப்பு வரவில்லை. வாயிலிருந்த சாக்குக்கட்டியை எடுத்து மேசையில் வைத்தார். கத்தரிக்கோலையும் வைத்தார்.

"அம்மா," என்று ஆரம்பித்தாள் காது. "மாமா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ முதல்ல உக்காரு."

அம்மா உட்காரவில்லை. மகளின் சிவந்த கண்ணைப் பார்த்தார். அவளைத் தாண்டி வாசலில் நின்றவரைப் பார்த்தார்.

"அவகிட்ட சொல்லிட்டீங்களா, அண்ணா?" என்றார்.